ரோட்டை விட்டு மலைக்குள் இறங்கியவர்

அன்று காலை நான் முதலில் செய்த வேலை, தகரப்பெட்டியைத் திறந்து என் பங்குப் பத்திரத்தை வெளியே எடுத்ததுதான். அடுப்புக்கூடப் பற்றவைக்கவில்லை. பத்திரத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தரகரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, செல்லம்மா அக்காவிடம் சொல்லவில்லை.

செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தபோது வாசற்படியில் யாரோ குடையைத் தட்டி உதறும் சத்தம் கேட்டது. இரும்புக்கடைக் காசிநாதன் முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஹட்டனில் எங்கள் வீட்டுக்கும் அவர் கடைக்கும் ஐந்து நிமிட நடைதான். ஆனால் அவர் ஒருநாளும் அந்தப் படி ஏறியதில்லை.

"டீச்சரம்மா, மொதல்ல ஒக்காருங்க."

"என்னங்க முதலாளி?"

"வட்டகொடையில செல்லம்மா அம்மா போயிட்டாங்க. விடியக்காலம். தம்பிக்காரன் ஸ்டேசன்ல இருந்து போன் போட்டான்."

நான் உட்காரவில்லை. அவர் குடையிலிருந்து வடிந்த தண்ணீர் ஓடிவந்து என் கால்விரலைத் தொட்டது. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இந்த நேரத்துல பேசக்கூடாதுதான். நம்ம கம்பனிப் பங்குக்குக் கொழும்புக்காரர் சொன்ன வெல இந்த மாசக் கடைசி வரைக்குந்தான் நிக்கும். அடக்கம் முடியட்டும், பேசுவோம்" என்றார்.

மேசைமேல் இருந்த பொட்டலத்தின் மீது என் முந்தானையை இழுத்துப் போட்டேன். அவர் கண்டாரோ இல்லையோ தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அதை இங்கே எழுதுவது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அக்காவைப் பற்றி எழுதும்போது பொய்யில் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

நம் ஆசிரியர் சங்க இதழை வாசிக்கும் உங்களில் சிலர் அவர் கையில் பிறந்தவர்கள். தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருபது வருடங்களுக்கு மேல் மருத்துவிச்சியாக இருந்தவர் செல்லம்மாள். கணவர் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் பெரிய கிளாக்கர். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு வெள்ளைக்காரர்கள் பலர் தங்கள் தோட்டப் பங்குகளை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். அப்போது அந்தத் தம்பதியும் காசிநாதன் முதலாளியும் சேர்ந்து தொடங்கியதுதான் உதயமலை முதலீட்டுக் கம்பனி. அந்தக் கம்பனிக்குச் சொந்தமாக ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது. தோட்டக் கம்பனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருப்பதே அதன் தொழில். தொடக்கத்தில் எத்தனை பங்கு வெளியிட்டார்களோ அத்தனைதான் இன்றும். வேண்டாம் என்று போனால் கம்பனி பணத்தைத் திருப்பித் தராது. நம் பங்கை வாங்க இன்னொருவரை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

கிளாக்கர் ஐயா மூன்றாம் வருடமே இறந்துபோனார். அவர் நாற்காலியில் அக்கா வந்து உட்கார்ந்தபோது முதலாளி சிரித்தாராம். "புள்ள எடுக்குற எடம் இல்லம்மா இது."

"எடுக்குறதுதான் என் வேல. பெத்துக்கறது நீங்க. வலி வந்தா சொல்லுங்க."

இதை எனக்குச் சொன்னவரே முதலாளிதான். ஒவ்வொரு வருடாந்தக் கூட்டத்திலும் ஒருமுறையாவது சொல்லுவார்.

நான் அக்காவை முதலில் சந்தித்தது ஒரு சந்தேகக்காரியாகத்தான். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் பதினொரு பேர் தங்கள் சேமிப்பை எங்கே போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் படித்தவள், கணக்கு வரும் என்று என்னை அனுப்பினார்கள். கம்பனியின் அறிக்கையை வாசித்தேன். அது வைத்திருந்த தோட்டப் பங்குகளை அன்றைய விலையில் விற்றால், இதன் ஒரு பங்குக்குப் பத்து ரூபாய் தேறும். ஆனால் பங்கோ ஆறு ரூபாய்க்குக் கைமாறிக்கொண்டிருந்தது. பத்து ரூபாய்ப் பொருளை ஆறு ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. எனக்கோ அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. வட்டகொடைக்கு ரயிலேறிப் போய் நேராகவே கேட்டேன்.

"ஏன் இவ்வளவு குறைவாக விற்கிறது?"

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "நானும் முதலாளியும் நடத்துறோம். பாதிக்கு மேல எங்க பங்கு. நாங்க கோளாறு பண்ணுனா எங்கள எறக்க ஒங்களால முடியாது. அந்தப் பயத்துக்குத்தான் டீச்சர் நாலு ரூவா கொறயுது."

"அந்தப் பயம் சரியா தப்பா?"

"அத நீங்கதான் பாக்கணும். என்னையப் பத்தி நானே சொன்னா அது சாட்சியா?"

பார்த்தேன். மூன்று மாதம் பார்த்தேன். பழைய அறிக்கைகளை எல்லாம் கேட்டு வாங்கினேன். நிர்வாகிகள் சம்பளம் எடுக்கவில்லை. ரயில், பஸ் கட்டணம் மட்டுமே எழுதியிருந்தது, அதுவும் மூன்றாம் வகுப்பு. கிளாக்கர் ஐயா சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமலாபப் பணம் முழுவதும் இந்தப் பங்கில்தான் கிடந்தது. ஊரில் பங்கு மலிவாக வந்தபோதெல்லாம் அக்கா தன் பெயரில் வாங்கியிருந்தாரே தவிர, ஒருமுறையும் விற்கவில்லை. போய்ச் சொன்னேன், பதினொரு பேரும் வாங்கினார்கள். நானும் வாங்கினேன். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவர்கள் தங்கள் வாக்கை என் பெயருக்கு எழுதித் தந்துவிடுவார்கள்.

அக்கா ஒரு தோட்டக் கம்பனியை எடைபோடும் விதத்தைப் பார்த்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. முதலில் ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்து, இரண்டு கணுக்காலிலும் முழங்கால்வரை வறட்டுச் சவர்க்காரமாகத் தேய்ப்பார், அட்டை ஏறாமல் இருக்க. பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போவார். கேட்காமல் தோட்டத்துக்குள் நுழைய யாருக்கும் அனுமதி இல்லை. அக்காவுக்கு எந்தத் தோட்டத்திலும் ஒரு சாக்கு இருந்தது. "என் கையில பொறந்த புள்ள இருக்கு, பாக்க வந்தேன்." அது பொய்யும் அல்ல.

ஒருமுறை வட்டவளைக்குக் கீழே ஒரு லயத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தார். ஓட்டை விழுந்த இடத்தில் தார்ச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. வெளியே வந்ததும் சொன்னார்: "தகரம் மாத்துறானா பாருங்க டீச்சர். போகப்போறவன் கூரைக்குத் தகரம் மாத்தமாட்டான். கொழுந்த மட்டும் வழிச்சு எடுப்பான்." அந்தக் கம்பனி அந்த வருடம் கொழுத்த லாபம் அறிவித்திருந்தது. அக்கா அதன் பங்குகளை விற்கச் சொன்னார். முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு வருடத்தில் அந்தத் தோட்டம் நொடித்துப் போனதைப் பற்றி அக்கா வாய் திறக்கவில்லை. முதலாளிதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அக்கா தவறே செய்யாதவர் என்று எழுத நான் வரவில்லை. ராகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அதன் பங்கை வாங்கலாமா என்று பார்க்கப் போனபோது, தோட்டத்தை நடத்தும் துரையே மரியாதையாக அழைத்துத் தன் ஜீப்பில் ஏற்றித் தோட்டம் முழுவதும் சுற்றிக் காட்டினார். நானும் கூட இருந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சைப்பாய் விரித்தது போல இருந்தது. ஒரு இடைவெளி இல்லை. அக்கா அன்று சவர்க்காரத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. துரை வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வந்து, வாங்கலாம் என்று சொன்னோம். உண்மையில் அந்தத் தோட்டத்தில், கொழும்பிலிருந்து பார்வையிட வருகிறவர் போகும் ரோட்டோரம் மட்டும் பட்ட செடிகளைப் பிடுங்கிப் புதுக்கன்று வைத்திருந்தார்கள். நாலு வரிசை தாண்டி உள்ளே போனால் மலை சொட்டையாகக் கிடந்தது. மலை என்று நாங்கள் சொல்வது தேயிலை நிற்கும் நிலத்தை. எங்களுக்கு விருந்து வைத்தவர்கள் காட்டியதையே நாங்கள் கண்டோம்.

அந்த வருடக் கூட்டத்தில், அந்தப் பங்கில் வந்த நட்டத்துக்கு மழையைக் காரணம் சொல்லியிருக்கலாம். மழையும் பெய்திருந்தது. அக்கா எழுந்து நின்றார். "நான் ரோட்டுல நின்னு பாத்தேன். உள்ள எறங்கல. துரை ஜீப்பு குடுத்தாரு, எனக்குப் பெருமையாப் போச்சு. அது என் தப்பு." உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் எங்கள் பரமேஸ்வரி டீச்சர், யாழ்ப்பாணத்தவர், என் காதருகே குனிந்து, "இப்படிச் சொல்லுற ஆளிட்டை என்ரை காசு கிடக்கட்டும்" என்றார்.

அதே பரமேஸ்வரி டீச்சர் சென்ற வருடக் கடைசியில் வேறுவிதமாகப் பேசினார். இந்தியப் பிரதமரும் நம் நாட்டுப் பிரதமரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட செய்தி வந்த வாரம் அது. இந்திய வம்சாவளியினரான நம்மில் யார் இங்கே இருப்பது, யாரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்துவிட்டார்கள். ஆளைக் கேட்கவில்லை. போகிறவர்கள் கையில் எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. அதோடு தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. உதயமலைப் பங்கு வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். ஒவ்வொருவராக விற்க வந்தார்கள். பத்து ரூபாய்ப் பொருள் நாலு ரூபாய்க்கு வந்து நின்றது.

"உங்களை நம்பித்தான் போட்டனான். எனக்கு யாழ்ப்பாணத்திலை வீடு வளவு இருக்கு. மற்றப் பிள்ளையளுக்கு என்ன இருக்கு, சொல்லுங்கோ" என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. என் பிரஜாவுரிமை விண்ணப்பம் முன்பே மறுக்கப்பட்டுவிட்டது. திருச்சியில் கல்லூரியில் படித்த நாலு வருடமும் நான் இந்த நாட்டில் தொடர்ந்து வசிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். ராகலையில் பிறந்து, ஹட்டனில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு நான் படித்த படிப்பே எதிர்ச்சாட்சி. இந்தியாவுக்குப் போக நிரப்ப வேண்டிய படிவமும் அதே தகரப்பெட்டியில், பங்குப் பத்திரத்தின் கீழே கிடக்கிறது. யாராவது வாசலில் செருமினாலே பெட்டியை இழுத்து மூடத் தொடங்கியிருந்தேன்.

கடைசியாக அக்காவைப் பார்த்தது இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு. நெஞ்சுச்சளியோடு சுருண்டு படுத்திருந்தார். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்ததும் கேட்டார்.

"பயமா இருக்கா டீச்சர்?"

"இல்லையே அக்கா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு இருக்கு. பயந்தவ பயந்தேன்னு சொல்லிட்டா ஒக்காந்து பேசலாம். இல்லேங்கறவகிட்ட என்னத்தப் பேச?"

ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியில்தான் என் பங்கை மட்டும், பதினொரு பேருக்கும் தெரியாமல், முதலில் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் விற்றது தெரிந்தால் விலை இன்னும் விழும் என்பதும் தெரிந்தே எடுத்த முடிவு. இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், அன்று காலை முந்தானைக்குக் கீழே இருந்தது என்ன என்று.

அடக்கத்துக்கு வட்டகொடை ஸ்டேசன் கொள்ளாத கூட்டம். மழை விடவில்லை. தாய்மார்கள் கைக்குழந்தைகளை அவர் முகத்தருகே கொண்டுபோய்க் காட்டிவிட்டு நகர்ந்தார்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் பங்கெல்லாம் தம்பி இராமையாவுக்குச் சேர்கிறது. வட்டவளையில் ஒரு தோட்டத்தில் கண்டாக்கு வேலை அவருக்கு, மலையில் வேலையை மேற்பார்வை செய்வது. நான் ஒன்றும் கேட்காமலே என்னிடம் வந்தார்.

"எனக்கு இந்தப் பங்கு சமாச்சாரமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர். அக்கா ஒண்ணுதான் சொல்லுச்சு. டீச்சரம்மா என்ன செய்யிறாங்களோ அதச் செய்யின்னு."

கையிலிருந்த ஒரு சின்னத் தகர டப்பாவை நீட்டினார். உள்ளே தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டு.

காசிநாதன் முதலாளியைக் கெட்டவராக எண்ணிவிடாதீர்கள். திரும்பி வரும் ரயிலில் என் எதிரே உட்கார்ந்து, அன்றுதான் மனம் விட்டுப் பேசினார். "மகனுங்க ரெண்டு பேரும் திருச்சிக்குப் போயிட்டானுங்க. நான் ஒத்தையில கடயத் தொறந்து வச்சிக்கிட்டு யாரப் பாக்குறது? கொழும்புக்காரர் அஞ்சு ரூவா தர்றேங்கிறாரு. மொத்தமாக் குடுத்தாத்தான் வாங்குவாராம். ஒங்க பக்கமும் இராமையா பக்கமும் சேந்து வேணாம்னா நான் ஒண்ணும் செய்ய ஏலாது. ஆனா ஒண்ணு டீச்சரம்மா, நாளைக்கி கவருமெண்டு எடுத்துக்கிட்டா அஞ்சு சதம் வராது. அப்ப அந்தப் புள்ளைங்க மொகத்துல நீங்கதான் முழிக்கணும்."

அவர் சொன்னது தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றும் முடியவில்லை. விலை குறைந்து கிடப்பது வாங்குவதற்கும் காரணமல்ல, விற்பதற்கும் காரணமல்ல. எந்தப் பயத்துக்காகக் குறைந்திருக்கிறது, அந்தப் பயம் மெய்யா என்பதுதான் கேள்வி. முன்பு அது நடத்துகிறவர்களைப் பற்றிய பயம். அதற்கு அக்காவே பதிலாக இருந்தார். இப்போதைய பயத்துக்கு அறிக்கையில் பதில் கிடையாது. நடத்தியவரும் இல்லை. இறங்கிப் பார்ப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நுவரெலியா போய், அங்கிருந்து ராகலைப் பக்கம் போனேன். எங்கள் கம்பனி அதிகமாகப் பங்கு வைத்திருக்கும் தோட்டம் அங்கேதான் இருக்கிறது, ஜீப்பில் சுற்றி ஏமாந்த தோட்டம் அல்ல, வேறொன்று. ரோட்டோரத்தில் நின்று டப்பாவைத் திறந்து கணுக்காலில் தேய்த்தேன். யாராவது பிடித்து, யார் நீ, பத்திரம் எங்கே என்று கேட்டால் காட்ட என்னிடம் எந்த நாட்டின் பிரஜாவுரிமைப் பத்திரமும் இல்லை. முதல் வரிசை தாண்டினேன். நாலாவது வரிசைக்குள் காவல்காரர் கண்டுவிட்டார்.

"யாரும்மா நீங்க? துரைகிட்ட கேட்டீங்களா?"

"நான்... வட்டகொட மருத்துவிச்சியம்மாவோட ஆளுங்க."

அவர் தலையில் போட்டிருந்த சாக்கை இறக்கினார். "அந்தம்மா செத்துப்போச்சாமே. என் மகள எடுத்தது அவங்கதான், காலு மொதல்ல வந்த புள்ள." என்னையும் என் காலையும் பார்த்தார். "சவுக்காரம் போட்டிருக்கீங்க. செரி, மேல போகாதீங்க, வழுக்கும். இந்தப் பக்கமாப் போங்க."

உள்ளே போனேன். பட்ட செடி இருந்த இடமெல்லாம் கன்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் நிழலுக்குக் காட்டுத்தழை குத்தியிருந்தார்கள். யார் கண்ணிலும் படாத பள்ளத்திலும் குத்தியிருந்தார்கள். அந்தக் கன்று கொழுந்து தர இன்னும் சில வருடமாகும். லயத்தில் இரண்டு அறைக்குப் புதுத் தகரம் மின்னியது. யாரோ இங்கே இருக்கப்போகிறார்கள், அல்லது இருக்கப்போவதாக நினைக்கிறார்கள். அரசாங்கம் என்ன செய்யும் என்று அந்தத் தகரம் எனக்குச் சொல்லவில்லை. என் படிவத்தைப் பற்றியும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் பயந்துகொண்டுதான் வந்தேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு தகர டப்பா, பாதி கரைந்த சவர்க்காரம், அவர் சுவரைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல். பயந்தவள் பயந்தேன் என்று சொல்லிவிட்டால் உட்கார்ந்து பேசலாம்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது, கொழும்புக்காரருக்கு விற்பதா என்று முடிவு செய்யும் கம்பனிக் கூட்டம் முடிந்திருக்கும். இதை எழுதும் இன்று, நான் முடிவு செய்திருப்பது முதலாளிக்கும் இராமையாவுக்கும் பரமேஸ்வரி டீச்சருக்கும் தெரியாது. கூட்டத்தில் நான் எழுந்து, அக்கா இறந்த காலையில் என் கையில் இருந்த காகிதம் எது என்பதை முதலில் சொல்லப்போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லப்போகிறேன். ராகலை மலைக்குள் கண்டதைச் சொல்லி, எழுதித் தந்த வாக்குகளைப் பதினொரு பேரிடமும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவரவர் முடிவை அவரவர் எடுக்கட்டும், இராமையாவும் எடுக்கட்டும். போக நினைக்கிறவர்களைத் தடுக்கமாட்டேன். என் பங்கை விற்கமாட்டேன். எல்லோரும் போன பிறகு அது ஒரு காசு பெறாமல் போனாலும் சரி. பிறகு, மீதி இருப்பவர்கள் சம்மதித்தால், அக்காவின் நாற்காலியில் போய் உட்காருவேன்.